அவரே திறக்க முடியாத பூட்டு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்கிற பயம்தான் முதலில் வந்தது, அழுகைகூட வரவில்லை. நல்லசிவம் போனை வைத்ததும் முனியப்பன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன், கையும் கூப்பிவிட்டேன், வாய்தான் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையை முதலில் வைப்பது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், இப்போது உங்களிடம் சொல்லும்போதும் முன்னது பின்னதாகத்தான் வரும். மனிதர்களிடம் தப்பாகச் சொன்னால், இல்லை இல்லை நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று திருத்திக்கொள்ளலாம். சாமியிடம் அப்படி முடியாது. எங்கள் பெரியக்காவுக்கு அப்படித்தான் ஆனது. மச்சான் குடித்துவிட்டு ஊர் ஊராகத் திரிகிறவர், இவள் மாரியம்மன் கோயிலில் விழுந்து, இந்த மனுசன் வீட்டோடு கிடந்தால் போதும் தாயே என்று கேட்டாள். ஆடி முடிவதற்குள் மச்சான் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. இன்றைக்கும் வீட்டோடு கிடக்கிறார். போன தடவை நான் போயிருந்தபோது அக்கா அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டே, "கேட்டது கேட்டபடி குடுத்துட்டா பாரு பாவாயி, ஒரு எழுத்துக் கொறையல" என்று சிரித்தாள். கட்டிலில் கிடந்த மச்சானும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லாம் முடிகிறவள்தானே அந்த அம்மா, அக்கா மனசில் இருந்தது அவளுக்குத் தெரியாதா, வார்த்தையை ஏன் பிடித்துக்கொண்டாள், தெரிந்தும் வார்த்தைப்படிதான் செய்ய முடியும் என்றால் அது என்ன எல்லாம் முடிகிற கை. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

நல்லசிவம் கூப்பிட்டபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவன் எங்கள் லாரி ஆபீஸில் லோடு பார்க்கிற பையன், பையன் என்றால் கல்யாணமாகி முடி நரைத்தவன். "பாவாயக்கா, செங்கோடண்ணன் காலைல ஏதாச்சும் பேசுனாருங்களா?" என்றான். குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பேசவில்லை தம்பி, நேற்று சாயங்காலம் பேசியதுதான், என்ன விஷயம் என்றேன். ஒன்றுமில்லை என்றான். ஒன்றுமில்லாமல் நீ கூப்பிட மாட்டாய், சொல்லு என்றேன். அவனுக்குப் பின்னால் யாரோ இன்னொரு போனில் இந்தியில் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. அப்புறம் சொன்னான். வடக்கே ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போன நம்முடைய ஜோடி வண்டிகளில் ஒன்று, மலை இறக்கத்தில் பள்ளத்துக்குள் போய்விட்டது. அந்த வழியாக வந்த ராசிபுரத்துக்காரன் ஒருவன் தார்ப்பாயில் நம் ஆபீஸ் பேரைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறான், நம்பர் தெரியவில்லை என்கிறான். "டிரைவரு?" என்றேன். "ஒருத்தரு போயிட்டாருங்க்கா. யாருன்னு தெரியல. ஒரு வண்டிதான். இன்னொன்னு தாண்டிப் போயிருச்சு போல. ரெண்டு பேரு போனும் கெடைக்க மாட்டேங்குது." இப்போதெல்லாம் கிளீனர் கிடைப்பதில்லை, வண்டிக்கு ஒரே ஆள்தான். ஒரு வண்டி எங்கள் வீட்டுக்காரர் ஓட்டுவது. இன்னொன்று பக்கத்து வீட்டு வளர்மதியின் புருஷன் அர்த்தநாரி ஓட்டுவது. "வளர்மதிகிட்ட இப்பச் சொல்லீராதீங்க்கா, சின்னப் புள்ளைகள வெச்சுக்கிட்டு அது தாங்காது. தெரிஞ்சதும் நானே கூப்புடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் தாங்குவேன் என்று யார் அவனுக்குச் சொன்னது. பிள்ளை இல்லாதவள் தாங்குவாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இழக்க ஒன்றே ஒன்று வைத்திருப்பவளால்தான் தாங்க முடியாது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

படத்துக்கு முன்னால் நின்றேன் என்றேனே. எங்க வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லியும் இருப்பேன், அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வளர்மதி பிள்ளையைக் குளிக்க வைக்கிற சத்தம் கேட்டது. லைன் வீடு, ஒற்றைக் கல் சுவர், அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். கண்ணை மூடு, கண்ணை மூடு, சோப்பு எரியும் என்று அவள் சொல்வதும், பிள்ளை கத்துவதும், செம்பு வாளியில் இடிப்பதும். எடுத்த வாயை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றால் அர்த்தநாரிக்கு ஆகட்டும் என்றுதானே அர்த்தம். நடுவில் வேறு இடமே இல்லை. இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று கேட்கலாம், ஆனால் ஒருவர் போய்விட்டார் என்று நல்லசிவம் சொல்லிவிட்டானே. போனது போனதுதான். வெந்த சோற்றை முனியப்பனால் மறுபடி அரிசியாக்க முடியுமா. ஆக்கலாம், அவருக்கு என்ன, ஒரு அதிசயம் என்று ஊரே வந்து பார்க்கும். ஆனால் அது அரிசியான பிறகும், முன்னே ஒரு தடவை வெந்தது வெந்ததுதானே. செத்தவரை எழுப்பலாம், சாகவே இல்லை என்று ஆக்க முடியாது. காலையில் எந்நேரத்துக்கோ அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு வண்டி இறங்கிவிட்டது, உள்ளே இருந்தது யார் என்பது அப்போதே முடிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியாது. முடிந்துபோன ஒன்றுக்கு இப்போது கை கூப்பிக் கேட்டால், அவர் என்னதான் செய்வார் பாவம். பாவம் என்று முனியப்பனையே சொல்லிவிட்டேன் பாருங்கள்.

பேரும் ஒரு தொல்லை. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்காரர் பேரை நானாக வாய்விட்டுச் சொன்னதில்லை, கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால்கூட ஐயரிடம் வளர்மதிதான் சொல்லுவாள், செங்கோடன், சுவாதி நட்சத்திரம் என்று. பேரில்லாமல் எங்க வீட்டுக்காரர் என்று நான் கேட்டால் எந்த வீடு என்று சாமி எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு முன்னால் அவர் சைக்கிளும் அர்த்தநாரி சைக்கிளும் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துதான் நிற்கின்றன. எல்லாம் தெரிந்தவர், பேர் சொல்லாமலே அவருக்குத் தெரியும் என்றால், கேட்காமலே கேட்டதும் தெரிந்திருக்குமே. நான் வாய் திறக்கும் முன்பே உள்ளே ஒன்று ஓடிவிட்டதே. நல்லசிவம் ஒருத்தர் போயிட்டாரு என்று சொன்ன அந்த நொடியில், யோசிக்கும் முன்பே, அது அர்த்தநாரியாக இருக்கட்டும் என்று எனக்குள் யாரோ சொன்னார்களே, அது நானா, அதையும் வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டுவிட்டாரா. மறுபடி போய் உட்கார்ந்து கீரை உருவினேன். காம்பும் இலையும் ஒரே தட்டில் விழுந்தன. பிரித்தேன், மறுபடி கலந்துவிட்டேன்.

முனியப்பன் என்றால் பைபாஸ் முனியப்பன். வடக்கே போகிற வண்டியெல்லாம் அங்கே நின்று எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் போகும். கோயில் என்று ஒன்றுமில்லை, மீசையும் அருவாளுமாக அவர் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார், முன்னால் இரண்டு கல் தூணுக்கு நடுவே ஒரு இரும்புச் சங்கிலி, அதில் காய்த்துத் தொங்குகிற மாதிரி பூட்டு. டிரைவர் பெண்டாட்டிகள் ஆடியில் போய் ஆளுக்கொரு பூட்டு மாட்டுவோம். ஆபத்தை வழியிலேயே பூட்டிவிடு சாமி என்று சொல்லிப் பூட்ட வேண்டும், சாவியை வீட்டில் சாமிப் படத்தருகே வைத்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பொட்டு வைக்க வேண்டும், அடுத்த ஆடிக்கு ஆள் நல்லபடியாக இருந்தால் பெண்டாட்டிதான் போய்த் திறக்க வேண்டும். வேறு யாரும் திறக்கக் கூடாது. சாவி தொலைந்தாலும் அறுக்கக் கூடாது, அது அங்கேயே துருப்பிடித்துக் கிடக்க வேண்டியதுதான். அப்படித் திறக்காமல் கிடக்கிற பூட்டுகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நான் குனிய மாட்டேன். போன ஆடியில் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாகப் போனோம். ஒரே கடையில், ஒரே மாதிரிப் பூட்டு இரண்டு வாங்கினோம். நான் சங்கிலியில் மாட்டிப் பூட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் பீடியை மறைத்துக்கொண்டு, "ஏன் பாவாயி, உங்க முனியப்பனால எல்லாம் முடியுமல்ல?" என்றார். முடியும் என்றேன். "அப்ப அவரே தொறக்க முடியாத பூட்டு ஒன்ன அவரால செய்ய முடியுமா?" முடியும் என்று சொல்லிவிட்டேன். "செஞ்சிட்டா அதத் தொறக்க முடியாதல்ல. அப்பறம் என்ன எல்லாம் முடியும்?" சரி, முடியாது என்றேன். "ஒரு பூட்டுச் செய்யக்கூட முடியாதவருகிட்டயா என்ன ஒப்படைக்கற?" அர்த்தநாரி விழுந்து விழுந்து சிரித்தான். "எண்ணெ விடுங்கண்ணா, தொறக்கும்" என்றான். வளர்மதி, "மாமா சும்மா இருங்க, சாமிக்குக் காது கேக்கும்" என்று என் காதைப் பொத்தினாள். அவருக்கு இதெல்லாம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர் ஒருவன் சொல்லிக்கொடுப்பது. கேட்டுவிட்டு அவர் மறந்துவிட்டார், எலுமிச்சம்பழத்தையும் மறக்காமல் சக்கரத்துக்கடியில் வைத்தார், கொடைக்கானல் போக வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மறந்த மாதிரி இதையும் மறந்தார். நான்தான் துணி துவைக்கும்போதும் தோசை திருப்பும்போதும் அதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். முடியும் என்றாலும் மாட்டிக்கொள்கிறது, முடியாது என்றாலும் மாட்டிக்கொள்கிறது.

முனியப்பனை நகர்த்தியதும் நினைவுக்கு வந்தது. ரோட்டை அகலமாக்கும்போது அவர் இருந்த இடம் ரோட்டுக்குள் வந்துவிட்டது. கிரேன் வைத்துத் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். தூக்கும்போது அருவாள் பிடித்த கை முழங்கையோடு உடைந்துவிட்டது, சிமெண்ட் வைத்து ஒட்டினார்கள், ஒட்டிய இடம் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும். "வழி உடு சாமின்னாங்க, உட்டுட்டாரு" என்று எங்கள் வீட்டுக்காரர் அதையும் கேலி செய்தார். கூட்டத்தில் நானும் நின்று பார்த்தேன். இடுப்பில் பெல்ட் போட்டு அந்தரத்தில் தொங்கும்போது அவர் முகம் மட்டும் அதே கோபத்தோடு இருந்தது, கால் கீழே தரையைத் தேடுகிற மாதிரி எனக்குப் பட்டது. அன்றைக்கு எனக்கு வந்தது பயமா இரக்கமா என்று இன்னும் தெரியவில்லை. தன் கையைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவர் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். முடிந்தும் சும்மா இருந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். சும்மா இருப்பதும் முடிகிறவர்களால்தானே முடியும், முடியாதவர்கள் சும்மா இருந்தால் அதற்கு வேறு பேர். ஆனால் இன்றைக்குக் காலையில் அந்த இறக்கத்திலும் சும்மா இருந்தாரே. இரண்டு பூட்டு அவர் சங்கிலியில் தொங்குகிறது, இரண்டுக்கும் சரி என்று சொல்லி வாங்கிக்கொண்டவர். ஐந்தாவது படிக்கும்போது பரீட்சைக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் பிள்ளையாரிடம் முதல் ரேங்க் கேட்டோம். எல்லோருக்கும் முதல் ரேங்க் கொடுத்தால் அது முதல் ரேங்கே இல்லையே, அவர் என்ன செய்வார் என்று நான் சுசீலா டீச்சரிடம் கேட்டேன். "நீ படிடி, அவரு கவலைய அவரு பாத்துக்குவாரு" என்றார் டீச்சர். படிக்கவில்லை. அவர் கவலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் இன்றைக்கு வரைக்கும்.

கரண்ட் போனது. பக்கத்து வீட்டு டிவி நின்றது, மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி மெதுவாகி நின்றது, இத்தனை நேரம் நான் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த எல்லாம் நின்றதும் என் மூச்சே எனக்குக் கேட்டது. போனை எடுத்துப் பார்த்தேன், சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. அவர் நம்பரை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றாள் அந்தப் பெண். எப்போதும் சொல்கிறவள்தான், அவர் மலை ஏறும்போதெல்லாம் இதைத்தான் சொல்வாள், இன்றைக்கு அவளுக்கு ஏதோ தெரிந்து சொல்கிற மாதிரி இருந்தது. அர்த்தநாரி நம்பரையும் அழுத்தினேன். அங்கேயும் அதே. அது கிடைக்கவில்லை என்றதும் என் நெஞ்சு கொஞ்சம் லேசானதை நான் கவனித்துவிட்டேன். கவனித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். பானையில் சோறு அவருக்கும் சேர்த்து வடித்திருந்தது. நாளைக்குத்தான் திரும்புகிற வழியில் லோடு ஏற்றுவார், வருவதற்கு இன்னும் நாளாகும், இருந்தாலும் என் கைக்கு ஒரு ஆளுக்கு அளக்க வராது. மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி மறுநாள் நானே தின்பேன். அது அவர் வீட்டில் இல்லாதபோது அவரோடு சாப்பிடுகிற மாதிரி.

"ஏனுங்கக்கா, தூங்கறீங்களா?" வளர்மதி வாசலில் நின்றாள். ஈரத் தலையோடு சின்னவனை இடுப்பில் வைத்திருந்தாள், அவன் அவள் தாலிக்கயிற்றை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். நான் எழுந்திருக்கவில்லை. முகத்தைக் கீரைத் தட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு, வா கண்ணு என்றேன். "இவிய போனே எடுக்க மாட்டேங்கறாங்க. மாமா பேசுனாருங்களா?" இல்லை என்றேன். இல்லை என்பது பொய்யில்லை. டவர் இருக்காது கண்ணு, மலைப்பக்கம் என்றேன், அதுவும் பொய்யில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன், கண்ணாடிச் சில்லைக் கையில் கொடுக்கிற மாதிரி. "ரெண்டு பேரும் தாபாக் கட்டில்ல மல்லாந்து கெடப்பாங்க. இவரு ரொட்டி தின்னா ரெண்டு நாளைக்குப் பேச்சே வராது" என்று சிரித்தாள். அப்புறம், "கீரையில காம்பெல்லாம் கெடக்குது பாருங்க, என்ன கெனாக் கண்டுக்கிட்டு உருவுனீங்க" என்று உட்கார்ந்து அவளே பொறுக்கி எடுத்தாள். அவள் கை வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் மஞ்சள் பூசியது காயவில்லை. சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னால் நான் தனியாக இல்லை, இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழலாம். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அவளும் கேட்க ஆரம்பித்துவிடுவாள். ஒரே சுவரில் சாய்ந்துகொண்டு இந்தப் பக்கம் நான் அவள் புருஷன் சாகவும், அந்தப் பக்கம் அவள் என் புருஷன் சாகவும் கேட்டுக்கொண்டிருப்போம், வெளியில் பார்த்தால் இரண்டு பெண்கள் சாமி கும்பிடுகிறார்கள். சொல்லவில்லை. கிளம்பும்போது அவள் திரும்பி நின்று, "அக்கா, நம்ம சாவி இருக்குதுங்களா?" என்றாள். ஏன் என்றேன். "ஏனா, வெள்ளிக்கெழமையில்ல. பொட்டு வெச்சீங்களா?" அவள் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. சின்னவன் கையில் கிடைப்பதையெல்லாம் விழுங்குகிறான் என்று ஆடியிலேயே என்னிடம் கொடுத்துவிட்டாள். மறந்துவிட்டேன், வைக்கிறேன் என்றேன். "மாமாதுக்கு மொதல்ல வெச்சுட்டு இவருதுக்கு வைங்க. மூத்தவரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படத்துக்குப் பக்கத்து ஆணியில் இரண்டு சாவியும் தொங்கின. என்னுடையதில் சிவப்பு நூல், அவளுடையதில் மஞ்சள் நூல். நூல் இல்லாவிட்டால் எது எது என்று தெரியாது, அதற்காகத்தான் கட்டினோம். குங்குமத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றபோதுதான் எனக்கு அது பட்டது. அவரே திறக்க முடியாத பூட்டு. முனியப்பன் அதைச் செய்துவிட்டாரே. இத்தனை நாள் நான் உருட்டிய கேள்விக்கு விடை சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெண்டாட்டி திறந்தால்தான் திறக்கும், வேறு யாரும் திறக்கக் கூடாது, அவரும்கூட. எல்லாம் முடிகிறவர் இந்த ஒன்றை மட்டும் முடியாது என்று தானே எடுத்து வைத்து, சாவியை எங்கள் கையில் கொடுத்திருக்கிறார். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, எங்கள் வீட்டுக்காரர் வந்ததும் சொல்ல வேண்டும், வெல்டரிடம் போய்ச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், வந்ததும் என்று நினைத்ததும் சந்தோஷம் போய்விட்டது. அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அவரால் திறக்க முடியாத பூட்டு இரண்டு. ஒன்றைத் திறந்து ஆபத்தை வெளியே விட்டால்தான் ஒருவர் சாக முடியும். இரண்டு சாவியும் என்னிடம். பைபாஸுக்கு டவுன் பஸ் வரும், ஏறினால் இருட்டும் முன் போய்விடலாம். மஞ்சள் நூல் சாவியைப் போட்டு ஒரு திருப்பு. யாரும் பார்க்க மாட்டார்கள், பூட்டுத் திறக்கிற பெண்ணை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. நடந்து முடிந்ததுக்கு இப்போது திறந்து என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சொன்ன உடனே அதற்கும் பதில் வந்தது. அவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். நான் சாயங்காலம் திறக்கப் போவது அவருக்குக் காலையிலேயே தெரிந்திருக்கும். அந்த இறக்கத்தில் இரண்டு வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாக வரும்போது, யாரைக் கைவிடுவது என்று அவர் தலையைத் திருப்பி இந்தச் சாயங்காலத்தைப் பார்த்திருப்பார். பாவாயி என்ன செய்கிறாள் என்று பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் விட்டிருப்பார். அப்படியென்றால் இன்னும் ஒன்றும் முடியவில்லை. நான் இப்போது என்ன செய்கிறேனோ அதுதான் காலையில் நடந்தது.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கையில் குங்குமம் கொட்டி வேர்வையில் குழைந்து ரத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு கொடுக்கக் கூடாது. காய்கறிக்காரனிடம் கத்தரிக்காய் பொறுக்கக் கைவராதவள் நான், வாங்கிய புடவையை மறுநாள் மாற்றக் கடைக்குப் போகிறவள். எனக்கு எதற்கு இது. எனக்கு யாருமில்லையே சாமி என்று சொல்லலாமா என்று பார்த்தேன், நியாயமான வார்த்தைதான், ஆனால் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று அவர் பதில் சொன்னால் நான் எங்கே போவேன். நியாயம் பேசினால் தோற்பேன். பேசாவிட்டால் உள்ளே அந்த முதல் நொடியில் ஓடியது மட்டும்தான் என் வேண்டுதலாக நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வளர்மதி பெரியவளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தாள், அப்பா வரும்போது உனக்கு என்ன வேணும் என்று கேட்டாள், பொம்மை என்றது அது, வாங்கிட்டு வருவாரு என்றாள். எங்கள் வீட்டுக்காரர் தாடையைச் சொறிகிற சத்தம் எனக்கு நினைவு வந்தது, சவரம் செய்யாத தாடை, லோடு ஏற்றிக் கிளம்பும் நாளில் வாசலில் நின்று சொறிந்துகொண்டே, "போயிட்டு வரட்டுமா" என்பார், நான் ஒரு தடவையும் ம் என்பதற்கு மேல் சொன்னதில்லை. இந்தத் தடவை ம்கூடச் சொன்னேனா. பால் பொங்கிவிட்டது, உள்ளே ஓடினேன், திரும்பி வந்தபோது வண்டி கிளம்பிவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, வாசல் வெயில் சுவரில் ஏறிவிட்டது. அப்புறம் எழுந்தேன். ஆணியிலிருந்து இரண்டு சாவியையும் எடுத்தேன். சிவப்பு நூல் முடிச்சு இறுகியிருந்தது, நகத்துக்கு வரவில்லை, பல்லால் கடித்து அறுத்தேன். மஞ்சள் நூலையும் அப்படியே. இரண்டு நூலையும் அடுப்பைப் பற்றவைத்து அதில் போட்டேன், கருகின வாசம் வந்தது. சாவியைக் குழாயடியில் வைத்துப் பழைய பொட்டுக் கறை போகப் புளி போட்டுத் தேய்த்தேன். செம்புக்குள் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு குலுக்கினேன், நிறுத்தி மறுபடி குலுக்கினேன். வளர்மதி சுவருக்கு அப்பாலிருந்து, "என்னக்கா பண்றீங்க, பூசையா?" என்றாள். ஆமாம் கண்ணு என்றேன். செம்பைக் கவிழ்த்தேன். இரண்டும் பளபளவென்று ஒன்று போலவே கிடந்தன. எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. திறக்கப் போனாலும் எதைத் திறக்கிறேன் என்று தெரியாது, கெஞ்சினாலும் யாருக்காகக் கெஞ்சுகிறேன் என்று தெரியாது. ஒன்றை முதலில் ஒன்றை அடுத்து என்று வைக்காமல் இரண்டு விரலால் ஒரே நேரத்தில் இரண்டுக்கும் பொட்டு வைத்தேன். அவருக்குத் தெரியும், தெரியட்டும், நான் சொல்லவில்லை. காலையில் அந்த இறக்கத்தில் அவர் தலையைத் திருப்பி இங்கே பார்த்திருந்தால் இதைத்தான் பார்த்திருப்பார். ஒருத்தி செம்பைக் கவிழ்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். இதைப் பார்த்து அவர் என்ன முடிவு செய்தார் என்பது அவர் கவலை.

போன் அடித்தது. கவிழ்த்து வைத்திருந்ததால் யார் என்று தெரியவில்லை, தரையில் அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. "அக்கா, போனு" என்றாள் வளர்மதி. கேட்குது கண்ணு என்றேன். இரண்டு சாவியையும் ஒரே கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, இன்னொரு கையால் போனை எடுத்துத் திருப்பிப் பார்க்காமலே காதில் வைத்தேன்.